கார்பூல் ஆப்பும் அக்காவுக்கு வெச்ச ஆப்பும்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. டேமேஜர் புண்ணியத்துல இந்த சனிக்கிழமை ஃப்ரீ. மனசுக்குள்ள பல வருஷமா கெடக்குற ஒரு விஷயத்தை இன்னிக்குக் கொட்டிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து படிங்க.

போன மாசம் என் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் போன் பண்ணினான். "அண்ணா, நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு கார்பூலிங் ஆப் பண்ணிருக்கோம். கம்யூனிட்டி கார்பூல். கிராண்ட் சாங்ஷன் ஆயிருச்சு. லாஞ்சுக்கு நீங்க கண்டிப்பா வரணும். நம்ம காலேஜ்ல இதை முதல்ல பண்ணவரே நீங்கதானாமே?"

எனக்கு வாயில வந்த வார்த்தை தொண்டைலயே நின்னுருச்சு. முதல்ல பண்ணினது நாங்கதான், வாஸ்தவம். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு அந்தப் பையனுக்கு யாரும் சொல்லலை. காலேஜ் புரோஷர்ல எங்க லாஞ்ச் போட்டோ இன்னும் இருக்காம். ஆப் செத்த அன்னிக்கு யாரும் போட்டோ எடுக்கலை. அதான் பிரச்சனையே.

முதல்லயே சொல்லிடுறேன், இந்தப் பதிவு அந்தப் பசங்களுக்கு எதிரானது இல்லை. அவங்களுக்குக் காசு கொடுக்கிற முறைக்கு எதிரானது. "இளைஞர்கள் தொழில்முனைவோர் ஆகணும், நீங்க ஏன் சார் மூக்கைச் சிந்துறீங்க"ன்னு பின்னூட்டத்துல கும்மியடிக்கப் போறவங்க, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிச்சுட்டு அடிங்க :-)

எங்க கதை

2017-18. ஃபைனல் இயர். சென்னைக்கு வெளியே, ஜி.எஸ்.டி ரோட்டை விட்டு நல்லா உள்ள தள்ளி இருக்கிற காலேஜ். பேர் வேண்டாம். நாங்க நாலு பேர், ஒரு ஐடியா. காலைல காலேஜுக்கு வர்ற கார்ல பாதிக்கு மேல ஒத்தை ஆளு. அதே ரோட்டுல வெயில்ல நிக்கிறவங்க நூறு பேர். ரெண்டையும் சேர்த்து வெச்சா முடிஞ்சது. கேட்க எவ்வளவு நல்லா இருக்கு! பி.பி.டி போட்டோம். நடுவர்கள் கை தட்டினாங்க. 2 லட்ச ரூபாய் மானியம், மூணு தவணையா.

காசு எங்க போச்சுன்னா, லோகோ, டி-ஷர்ட், லாஞ்ச் பேனர், சீஃப் கெஸ்டுக்குப் பொன்னாடை, எஸ்.எம்.எஸ் பேக், கம்பெனி பதிவு, ஆடிட்டர் ஃபீஸ், சர்வர். இந்த வரிசைல சர்வர் கடைசி. ஓட்டுறதுக்கு ஆள் செலவுன்னு ஒரு வரி கூட பட்ஜெட்ல கிடையாது. ஃபார்ம்ல அப்படி ஒரு கட்டமே இல்லை.

ஆப் ஓடிச்சா? நூத்துக்கணக்குல இறக்கினாங்க, கைவிரல்ல எண்ற அளவுக்குத்தான் சவாரி நடந்துச்சு. அதுல பாதி நாங்களே டெமோவுக்காகப் போனது. (ஹி ஹி, ரிப்போர்ட்ல அதையும் சேர்த்துத்தான் காட்டினோம்.) ஆனா ஒரே ஒரு ஜோடி மட்டும் தினமும் தவறாம ஓடிச்சு. எங்க டிபார்ட்மென்ட் லேப் அசிஸ்டென்ட் அக்கா ஒருத்தங்க. அவங்க வீட்டு வழியா கார்ல போற வேற டிபார்ட்மென்ட் புரபசர் ஒருத்தர்.

அக்காவோட நிலைமை இது. லேப் முடிஞ்சு, சிஸ்டம் எல்லாம் ஆஃப் பண்ணி, ரெஜிஸ்டர் எழுதி முடிக்க அஞ்சரை ஆயிரும். காலேஜ் பஸ் அதுக்கு முன்னாடியே கிளம்பிரும். பஸ்ஸுக்குப் பாஸ் கட்டிட்டு வாரத்துல மூணு நாள் ஷேர் ஆட்டோல போவாங்க. எங்க ஆப் வந்ததும் ஆறு மணிக்குக் கிளம்புற அந்த சாரோட கார்ல இடம் கிடைச்சுது. மூணு மாசம் ஒழுங்கா ஓடிச்சு. அக்கா எங்ககிட்ட வந்து, "தம்பி, அடுத்த செமஸ்டருக்கு பஸ் பாஸ் கட்டலைன்னு எழுதிக் கொடுத்துட்டேன்பா, உங்க ஆப்பே போதும்"னாங்க. அன்னிக்கு ராத்திரி நாங்க நாலு பேரும் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

மே மாசம் பட்டம். கடைசித் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாச்சு. ஜூன்ல ஆளுக்கொரு கம்பெனில ட்ரெய்னிங். ஜூலைல கிளவுட் இலவசக் கிரெடிட் தீர்ந்துச்சு. பில் யார் கட்டுறதுன்னு வாட்ஸப் குரூப்ல ரெண்டு நாள் பேசினோம். மூணாம் நாள் பேச்சே நின்னுருச்சு. அடுத்த வாரம் சர்வரும் நின்னுருச்சு.

யூசருக்கு ஒரு மெசேஜ் போடணும்னு எங்க நாலு பேர்ல ஒருத்தனுக்கும் தோணலை.

ஆப்பைத் திறந்தா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். அந்தம்மா வர்றதை நிறுத்திட்டாங்கன்னு சார் நினைச்சுக்கிட்டார். சார் கூட்டிட்டுப் போறதை நிறுத்திட்டார்னு அக்கா நினைச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேர்கிட்டயும் மத்தவங்க நம்பர் கிடையாது. ஏன்னா, நம்பரை மறைச்சு வெக்கிறதுதான் எங்க ஆப்போட பெரிய பெருமையே! "பிரைவசி"ன்னு ஸ்லைடுல போட்டிருந்தோம். நேர்ல போய்க் கேட்டிருக்கலாமேன்னு சொல்லுவீங்க. ஒரு லேப் அசிஸ்டென்ட், ஒரு சீனியர் புரபசர் ரூம் கதவைத் தட்டி "சார், என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா"ன்னு கேட்க முடியுமா நம்ம காலேஜ்கள்ல? அந்தச் சங்கடத்தைத் தாண்ட வெச்சதுதான் எங்க ஆப் செஞ்ச ஒரே உருப்படியான காரியம். அதையும் நாங்களே அறுத்துட்டோம்.

செமஸ்டர் நடுவுல பஸ் பாஸ் தர மாட்டோம்னுட்டாங்க. ரெண்டு ஷேர் ஆட்டோ மாறி, வீட்டுக்குப் போக எட்டு மணி. பக்கத்து வீட்டுல அவங்க பொண்ணு காத்துக்கிட்டு இருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்போ தெரிஞ்சுது? டிகிரி சர்ட்டிபிகேட் வாங்கப் போன அன்னிக்கு. அக்கா கோபமே படலை. "பரவால்லப்பா, நீங்கள்லாம் வேலைக்குப் போயிட்டீங்க, சந்தோஷம்"னாங்க. அப்புறம் மெதுவா, "ஒரு மெசேஜ் மட்டும் போட்டிருக்கலாம்ல தம்பி"ன்னாங்க.

அவ்ளோதான். அந்த ஒரு வரிதான் இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள கெடக்குது.

நம்பரை ஏன் மறைச்சோம்?

பிரைவசிக்காகன்னு ஊருக்குச் சொன்னோம். உண்மைக் காரணம் வேற. எங்க வழிகாட்டி சொன்னது ஞாபகம் இருக்கு: "நம்பரைக் கொடுத்துட்டா ரெண்டு பேரும் அவங்களே பேசிக்குவாங்க. ஆப்பை விட்டுப் போயிருவாங்க. அப்புறம் உன் வளர்ச்சியை எப்படிக் காட்டுவே?"

மனுஷன் சொன்னது வியாபாரக் கணக்குப்படி நூத்துக்கு நூறு சரி. கார்பூல் ஆப்போட விதி அது. டாக்ஸி ஆப்புக்கு ஒவ்வொரு தடவையும் புது டிரைவர் வேணும், அதனால ஒவ்வொரு தடவையும் ஆப் வேணும். கார்பூல்ல ஒருமுறை நல்ல ஜோடி அமைஞ்சா, அப்புறம் ஆப்புக்கு வேலையே இல்லை. கல்யாணம் முடிஞ்சப்புறம் தரகர் எதுக்கு? அப்போ நல்லா வேலை செய்யிற கார்பூல் ஆப், தன்னோட யூசரைத் தானே இழக்கணும். இழக்காம இருக்கணும்னா அந்த ஜோடியைத் தன் கைக்குள்ள புடிச்சு வெக்கணும். நாங்க புடிச்சு வெச்சோம். நாங்க செத்தப்போ அதுவும் சேர்ந்து செத்துச்சு.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். கார்பூல் சின்னதா, தெரிஞ்ச முகமா, ஒரே கேட்டுக்குள்ள இருந்தாத்தான் ஓடும். மானியம் கொடுக்கிற கை "பெருசாக்கு, பெருசாக்கு"ன்னு சொல்லுது. இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டி நசுங்குறது, நம்பி ஏறினவங்க.

ஏன் சின்னதா இருக்கணும்? கணக்குப் போடுவோம்

நாமதான் இன்ஜினியராச்சே. 300 பேர் ஆப்பை இறக்கிட்டாங்கன்னு வெச்சுக்குவோம். 10 ஏரியாவுல இருந்து வர்றாங்க. காலைல கிளம்புற நேரத்தை அரை மணி அரை மணியாப் பிரிச்சா, மூணு மணி நேரத்துக்கு 6 துண்டு. 10 ஏரியா, 6 துண்டு, மொத்தம் 60 டப்பா. 300 பேரைப் போட்டா டப்பாவுக்கு 5 பேர். அதுல ஒருத்தர்கிட்ட கார் இருந்தா அதிர்ஷ்டம். அவர் ஒருநாள் லீவு போட்டா மத்த நாலு பேரும் நடுத்தெருவுல.

இருங்க, திரும்பி வரணுமே? சாயங்காலத்துக்கும் 6 துண்டு. இப்போ 360 டப்பா. 300 பேர். டப்பாவுக்கு ஒரு ஆள் கூடத் தேறலை. இதுக்கு மேல எந்த அல்காரிதம் போட்டு என்ன புண்ணியம்? இல்லாத ஆளை மிஷின் லேர்னிங் எங்கிருந்து கொண்டு வரும்?

தீர்வு ரெண்டுதான். ஒண்ணு, லட்சக்கணக்குல ஆள் சேர்க்கணும். அதுக்குக் கோடிக்கணக்குல காசு எரியணும். இன்னொண்ணு, டப்பாவைச் சுருக்கணும். ஒரே அபார்ட்மென்ட், ஒரே ஆபீஸ், ஒரே ஷிஃப்ட். என் அபார்ட்மென்ட்ல ஏழு பேர் சிறுசேரி சிப்காட்டுக்குப் போறோம். ரிடையர்டு பேங்க் அங்கிள் ஒருத்தர்தான் வாட்ஸப் குரூப் அட்மின். அவரு எங்கயும் போறதில்லை, சும்மா பொழுதுபோக்கா பண்றார். ராத்திரி ஒன்பதுக்கு "நாளைக்கு 7.40, 2 சீட்"னு மெசேஜ் வரும். யாராவது வரலைன்னா அங்கிளே போன் போட்டு எழுப்புவார். ரெண்டு வருஷமா ஓடுது. லோகோ இல்லை, டி-ஷர்ட் இல்லை.

அங்கே வேலை செய்யிறது வாட்ஸப் இல்லைங்க. அந்த அங்கிள். மானிய ஃபார்ம்ல இல்லாத கட்டம் அவர்தான்.

வெளிநாட்டு உதாரணம் வேணுமா?

நம்மூர் காரங்களுக்கு அமெரிக்காவுல நடந்தாத்தான் நம்பிக்கை வரும். சரி, அங்கேயே போவோம்.

வாஷிங்டன் புறநகர்ல 1970கள்ல இருந்து ஒரு பழக்கம் இருக்கு. ஸ்லக்கிங்னு பேரு. காலைல ஒரு பார்க்கிங் பக்கம் வரிசைல நிப்பாங்க. முன்பின் தெரியாத ஒருத்தர் காரை நிறுத்தி, போற இடத்தைச் சொல்லுவார். ரெண்டு பேர் ஏறிக்குவாங்க. காசு கிடையாது. டிரைவரா பேச்சுக் கொடுத்தாத்தான் பேசணும்னு எழுதாத சட்டம். எந்த அரசும், எந்த ஸ்டார்ட்டப்பும் இதை ஆரம்பிக்கலை. பஸ் டிரைவருங்க, பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டு பஸ்ல ஏறாதவங்களைக் கள்ள நாணயம்ங்கிற அர்த்தத்துல 'ஸ்லக்'னு கூப்பிட்டாங்க, அதுவே பேராப் போச்சு.

இது ஏன் ஓடுது? அந்த நெடுஞ்சாலைல மூணு பேர் இருக்கிற காருக்குன்னு தனித்தடம் விட்டாங்க. டிரைவருக்கு நேரம் மிச்சம், ஏறினவருக்குக் காசு மிச்சம். ரோட்டுல போட்ட ஒரு கோடு, எந்த ஆப்பும் செய்யாத வேலையைச் செஞ்சுச்சு.

அதே வாஷிங்டன் வட்டாரத்துல இன்னொரு நல்ல ஏற்பாடு. வாரத்துல ரெண்டு நாளாவது கார்பூல்லயோ பஸ்லயோ வேலைக்கு வர்றவங்களுக்கு, திடீர்னு வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லை, ஓவர்டைம் ஆயிருச்சுன்னா, வீட்டுக்குப் போக இலவச வண்டி உத்தரவாதம். எங்க அக்காவுக்குத் தேவைப்பட்டது சரியா இதுதான். நாங்க அதுக்குப் பதிலா டார்க் மோட் செஞ்சு கொடுத்தோம்.

மானியம் வாங்கி ஜெயிச்சவன் கதை

"எல்லாம் தோத்துருச்சா? ஜெயிச்சவனே இல்லையா?" இருக்கான். ஜிம்ரைடு. லோகன் கிரீன், ஜான் ஜிம்மர்னு ரெண்டு பசங்க 2007-ல ஆரம்பிச்சது. கிரீன் கலிபோர்னியாவுல படிக்கிறப்போ ஊருக்குப் போக இணைய விளம்பரம் பார்த்து கார்ல இடம் தேடினவர். ஜிம்பாப்வே போனப்போ அங்க ஜனங்க வேன்ல ஷேர் பண்ணிப் போறதைப் பார்த்துத்தான் அந்தப் பேரே வெச்சார். (அதாவது நம்ம தாம்பரம் ஷேர் ஆட்டோ மாதிரி ஒண்ணைப் பார்த்து அசந்து போயிருக்கார். நாம அதுல தொங்கிட்டுப் போறோம், நமக்கு அசரத் தெரியலை.)

முதல் கேம்பஸ், ஜிம்மர் படிச்ச கார்னெல். தவளை வேஷம் போட்டுக்கிட்டு நோட்டீஸ் கொடுத்து ஆள் சேர்த்தாங்க. ஆறு மாசத்துல கேம்பஸ்ல 20 சதவீதம் பேர் சேர்ந்ததாச் சொல்லுவாங்க. 2008-ல பேஸ்புக்கோட எஃப்பி ஃபண்ட்ல இருந்து 2,50,000 டாலர் மானியம். சத்தியமா நல்ல ஐடியா, உழைப்பாளிப் பசங்க.

அப்புறம்? 2012-ல அதே கம்பெனி சான் பிரான்சிஸ்கோவுல லிஃப்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சுது. இளஞ்சிவப்பு மீசை ஒட்டின கார், "கார் வெச்சிருக்கிற உங்க ஃப்ரெண்டு"ன்னு பேச்சு, கட்டணத்துக்குப் பேரு நன்கொடை. 2013-ல கம்பெனி பேரையே லிஃப்ட்னு மாத்தி, ஜிம்ரைடை ஒரு வாடகைக் கார் கம்பெனிக்கு வித்துட்டாங்க. 2019-ல பங்குச் சந்தை. 2023-ல, முன்பின் தெரியாதவங்க சேர்ந்து போற ஷேர் சவாரியையே லிஃப்ட் கைவிட்டுருச்சு.

கவனிங்க. இது தோல்விக் கதை இல்லை, வெற்றிக் கதை. கார்பூல்ல ஆரம்பிச்சு, மானியம் வாங்கி, பெருசாகி, உச்சத்துக்குப் போய், கடைசில கார்பூல் மட்டும் இல்லாமப் போச்சு. பெருசாக்குன்னு அழுத்தினா கார்பூல் ஒண்ணு சாகும், இல்லைன்னா டாக்ஸியா மாறும்.

ஒரு விதிவிலக்கு சொல்லாம விட்டா நியாயம் இல்லை. பிரான்ஸோட பிளாபிளாகார். பெரிசாகியும் கார்பூலாவே நிக்குது. ஆனா அது பெரும்பாலும் ஊர் விட்டு ஊர் போற நீளப் பயணம். தினசரி சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போற கதை இல்லை. அது போக, பிரான்ஸ்ல கார்பூல்னா என்னன்னு சட்டத்துலயே இருக்கு. செலவைப் பங்கு போட்டுக்கலாம், லாபம் பார்க்கக் கூடாது. கோடு தெளிவா இருக்கு.

நம்மூர்ல கோடு எங்க இருக்கு?

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, கூலிக்கு ஆள் ஏத்தணும்னா பர்மிட் வேணும். வெள்ளை போர்டு காருக்குப் பர்மிட் கிடையாது. மீறினா 192ஏ பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலுக்கும் இடம் இருக்கு. பெட்ரோல் காசைப் பங்கு போடுறது கூலியா இல்லையா? அங்கதான் வழுக்கும். 2020 நவம்பர்ல ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறில தனியார் கார் ஷேரிங்குக்கு இடம் கொடுத்தாங்க. ஊருக்குள்ள ஒரு நாளைக்கு 4 சவாரி, ஊர் விட்டு ஊர் வாரத்துக்கு 2ன்னு அதுல இருந்துச்சு. மாநில அரசு வேணாம்னா அதுவும் இல்லைன்னு இருந்துச்சு. 2023 அக்டோபர்ல பெங்களூர்ல என்ன ஆச்சு? டாக்ஸி சங்கங்கள் புகார் கொடுக்க, கார்பூல் ஆப்ல வெள்ளை போர்டு கார் ஓட்டினா சட்டவிரோதம்னு செய்தி வந்து ஊரே ரெண்டாச்சு.

டாக்ஸிக்காரங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க பர்மிட், வரி, எஃப்.சி, கமர்ஷியல் இன்சூரன்ஸ்னு கட்டிட்டு நிக்கிறப்போ, வெள்ளை போர்டுல ஒருத்தன் கார்பூல்னு பேர் வெச்சு தினம் பத்து சவாரி அடிச்சா வயிறு எரியத்தான் செய்யும். ஆனா உண்மையாவே ஆபீஸ் போற வழியில பக்கத்து வீட்டுக்காரரை ஏத்திட்டுப் போறவனும் அதே சட்டத்துல மாட்டுறான். இன்சூரன்ஸ் கதையும் அதேதான். தனியார் கார் பாலிசில கூலிக்கு ஓட்டினா செல்லாதுன்னு ஒரு வரி இருக்கும். உங்க பாலிசியை எடுத்துப் பாருங்க. ஆப் வழியா காசு வாங்கின அன்னிக்கு ஒரு ஆக்சிடென்ட்னா, கம்பெனிக்காரன் அந்த வரியைத்தான் முதல்ல காட்டுவான்.

இந்த நெலமைல ஒரு இருபது வயசுப் பையன்கிட்ட, "இதுல எப்படி லாபம் பார்ப்பே?"ன்னு நடுவர் கேட்கிறார். லாபம் பார்த்தா சட்டம் புடிக்கும். பார்க்கலைன்னா மானியம் கிடைக்காது. பையன் என்ன பண்ணுவான், ஒரு ஸ்லைடுல "கமிஷன் 10%"னு போட்டுட்டு உட்காருவான்.

ஃபார்மைப் படிங்க

நான் சும்மா அளக்கலை. 2021 ஏப்ரல்ல தொடங்கின ஸ்டார்ட்டப் இந்தியா விதை நிதித் திட்டத்தை எடுத்துக்குங்க. ஒதுக்கீடு 945 கோடி. நல்ல நோக்கம், மறுக்கலை. ஒரு கம்பெனிக்கு 20 லட்சம் வரைக்கும் மானியம். எதுக்கு? ஐடியாவைச் சரிபார்க்க, மாதிரி செய்ய, சோதிச்சுப் பார்க்க. யாருக்கு? பதிவு செஞ்ச கம்பெனிக்கு. சந்தை இருக்கணும், வணிகமாக்க வழி இருக்கணும், பெருசாக்க வாய்ப்பு இருக்கணும்.

ஒரு ரோபோவுக்கோ, மருத்துவக் கருவிக்கோ இந்த நிபந்தனை எல்லாம் பொருத்தம். மாதிரி செஞ்சு பார்த்து, சரி வரலைன்னா அலமாரில வெச்சிடலாம். ஆனா கம்யூனிட்டி கார்பூல்ங்கிறது பொருள் இல்லைங்க. அது தினமும் ஓடணும். செய்யக் காசு உண்டு, சோதிக்கக் காசு உண்டு, ஓட்டக் காசு இல்லைன்னா, அது பஸ் வாங்கிட்டு டிரைவருக்குச் சம்பளம் போடாத கதை. கம்யூனிட்டின்னு பேர் வெச்சுட்டு, உள்ளே போகணும்னா கம்பெனியாப் பதிவு பண்ணிட்டு வான்னு சொல்றதும் எந்த ஊர் நியாயம்?

"தோல்விதான் பாடம், ஸ்டார்ட்டப்னா அப்படித்தான்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். எனக்கு அந்த டயலாக்கைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். எங்களுக்கு அது பாடம்தான். ரெஸ்யூமேல ஒரு வரி, இன்டர்வியூல சொல்ல ஒரு கதை. இன்னிக்கு நான் வாங்குற சம்பளத்துல அந்த ஆப்புக்கும் பங்கு இருக்கு. ஆனா அந்தப் பாடத்துக்கு ஃபீஸ் கட்டினது யாரு? ஒரு செமஸ்டர் முழுக்க ரெண்டு ஷேர் ஆட்டோ மாறின அக்கா. எங்க தோல்வி ரிப்போர்ட்ல அவங்க பேரு எங்கயும் இல்லை.

சரி, என்னதான் பண்ணணும்கிறே?

குறை சொல்றது ஈஸி, வழி சொல்லுன்னு கேப்பீங்க. எனக்குத் தோணினது:

1. மக்கள் தினமும் நம்பி இருக்கிற விஷயத்துக்கு மானியம் கொடுத்தா, பாதிக் காசை ஓட்டுறதுக்குன்னு ஒதுக்குங்க. மூணு வருஷத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் சம்பளம். எங்க அங்கிள் மாதிரி போன் போட்டு எழுப்புற ஆள். அவர் கோடு எழுத வேண்டாம்.

2. எத்தனை டவுன்லோடுன்னு கேட்கிறதை நிறுத்துங்க. "பன்னெண்டு மாசம் கழிச்சும் சேர்ந்து போயிட்டு இருக்கிற ஜோடி எத்தனை?"ன்னு கேளுங்க. ஆப்பை விட்டுட்டுத் தாங்களே போறவங்களையும் வெற்றியாவே எண்ணுங்க. அப்போ நம்பரை மறைக்கணும்னு எவனுக்கும் தோணாது.

3. மூடுற திட்டம் இல்லாம காசு கொடுக்காதீங்க. ரெண்டு மாச நோட்டீஸ், நம்பர் பரிமாற்றம், மாற்று வழி. கடைசித் தவணையை இதுக்குன்னே புடிச்சு வெச்சுக்குங்க.

4. அரசாங்கம் செய்ய வேண்டியது ஒண்ணுதான். செலவுப் பங்கீடு வேற, கூலி வேற. கிலோமீட்டருக்கு இவ்வளவு, நாளைக்கு இத்தனை சவாரின்னு சட்டத்துலயே கோடு போடுங்க. டாக்ஸிக்காரருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

இதுல எதுக்கும் புதுசா ஆப் எழுத வேண்டியதில்லைங்கிறது எனக்கே வருத்தம்தான். பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் சொல்ற பேச்சா இது :-)

ஜூனியர்கிட்ட என்ன சொன்னேன்னு கேட்கிறீங்களா? "கண்டிப்பா வர்றேன்டா. வர்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இதை மூடுற அன்னிக்கு யூசருக்கு என்ன மெசேஜ் போடப் போறே? இப்பவே எழுதி எனக்கு அனுப்பு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணா... இன்னும் லாஞ்சே பண்ணலையே, அதுக்குள்ள மூடுறதப் பத்திப் பேசுறீங்க"ன்னான். பாவம், முகம் வாடியிருக்கும். அக்கா கதையை முழுசாச் சொன்னேன். குறுக்கே பேசாமக் கேட்டான்.

நாலு நாள் கழிச்சு மெசேஜ் வந்துச்சு. "வணக்கம். எங்கள் சேவை இன்றிலிருந்து 60 நாளில் நிற்கப் போகிறது. உங்களுடன் பயணிப்பவரின் சம்மதத்தோடு அவர் எண் கீழே"ன்னு ஆரம்பிச்சு அஞ்சு வரி. அடியில, "அண்ணா, நம்பர் மறைக்கிற ஃபீச்சரைத் தூக்கிட்டோம். மென்டார் திட்டுவார்னு நினைக்கிறேன்"னு எழுதியிருந்தான்.

திட்டட்டும். லாஞ்சுக்குப் போறேன்.

டிஸ்கி: அந்த அக்கா இப்பவும் அதே லேப்லதான் இருக்காங்களாம். லாஞ்ச் அன்னிக்கு அவங்களை நேர்ல பார்த்துப் பேசணும். என்ன பேசுறதுன்னுதான் இன்னும் தெரியலை. உங்க ஊர்ல இந்த மாதிரி மானியத்துல பொறந்து மானியத்தோட செத்த ஆப் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. லாஞ்ச் போட்டோ வேணாம், மூடின கதையைச் சொல்லுங்க.